மீட்டிங் வீட்டுக் கல்லு

துணியத் தூக்காதீங்க அங்கிள். விட்டுருங்க. பத்து மணிக்கு நம்ம தொகுதி ஒய்.பி. வந்து தூக்குவாரு, அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னுதான் என்னைய இங்க காவலுக்கு ஒக்கார வெச்சிருக்காங்க. காலையில ஒருத்தவங்க தூக்கிப் பார்த்துட்டாங்க, அதுக்கே ஏழு மணியிலேருந்து இங்க சண்ட. இன்னொரு தடவ யாராச்சும் தூக்கினா எங்க பாஸ் என்னையும் இந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே நட்டு சிமெண்டு போட்ருவாரு.

கார் கழுவக் குடுத்திருக்கீங்களா? எது, அந்த வெள்ள மைவியா? முன்னால இன்னும் ரெண்டு கார் இருக்கு. ஒக்காருங்க. அந்தச் செவப்பு நாற்காலி வேணாம், ஒரு காலு கட்டுப் போட்டது. இத எடுத்துக்குங்க.

கல்லறையா? இல்ல லா அங்கிள். வர்றவங்க எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. நேத்து துணி போடுறதுக்கு முன்னால ஒரு சீன ஆன்டி கார கொண்டாந்து நிறுத்துனாங்க, எறங்குனாங்க, கல்லப் பார்த்தாங்க, அப்படியே ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. கார் வாஷ் அண்ணன் இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசல. நானா கொண்டாந்து நட்டேன்? சரி, நான்தான் நட்டேன். ஆனா நான் கேட்டா நட்டேன்?

எங்க பாஸ் செபாஸ்டியனுக்குக் கல்லறைக் கல்லு செய்றதுதான் தொழிலு. கிள்ளான்ல கத்தோலிக்க ஆளுங்க செத்தா பாதிப் பேருக்கு அவருதான் பேரு வெட்டுவாரு. இந்தக் கல்லும் ஒரு ஆளுக்குன்னு அறுத்து வெச்சதுதான். அந்தாளு பொழச்சிக்கிட்டாரு. நெசமா. டாக்டர் கைய விரிச்சிட்டாரு, பிள்ளைங்க வந்து கல்லுக்குச் சொல்லிட்டுப் போயிட்டாங்க, மறுநாளு அவரு எழுந்து ஒக்காந்து கஞ்சி கேட்டாராம். கல்லு ரெண்டு வருஷமா எங்க கடை வாசல்ல நின்னுச்சு. கமிட்டிக்காரங்க வந்து மலிவா ஒரு கருங்கல்லு வேணும்னாங்க, பாஸ் இதத் தள்ளி விட்டுட்டாரு. அதான் மேல வளைவா, ரெண்டு பக்கமும் பூங்கொடி வெச்சு, கீழ மெழுகுவத்தி நிறுத்த ஒரு பள்ளத்தோட இருக்கு. பேரு வெட்ட செத்தவரு யாரும் இல்லாததுனால சரித்திரத்த எழுதிட்டாங்க.

ஆமா, சரித்திரக் கல்லு. இந்த எடத்துலதான் வெள்ளக்காரன் காலத்துல தோட்டத் துரைமாருங்களோட மீட்டிங் வீடு இருந்துச்சாம். மாசத்துல ஒரு சனிக்கெழம சுத்துப்பட்டு எஸ்டேட்டு துரைங்க எல்லாம் வந்து ஒக்காந்து, யாருக்கு எவ்ளோ கூலி, எவனத் தோட்டத்த விட்டு வெரட்டுறது, அடுத்த வருஷம் கப்பல்ல எத்தன பேரக் கொண்டாறது, எல்லாம் இங்கதான் முடிவு பண்ணுவாங்களாம். அந்த வேக்குவம் மெஷின் நிக்குது பாருங்க, அங்கதான் படி. இப்ப நீங்க ஒக்காந்திருக்கிற எடத்துல வராந்தா இருந்திருக்கலாம். அந்தக் காலமா இருந்தா நீங்களும் நானும் இப்படி ஒக்காந்திருக்க முடியுமா? சும்மா சொல்றேன். வீட்ட இடிச்சு எத்தனையோ வருஷமாச்சு. காடா கெடந்துச்சு, கார் பார்க்கு ஆச்சு, இப்ப கார் வாஷு. இப்பத் திடீர்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்திருச்சு.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்களா? எல்லாம் கல்லுல இருக்கு. நான்தானே வெட்டுனேன். மலாயு, இங்கிலீசு, தமிழு, மூணுலயும் வெட்டுனேன். எஸ்.பி.எம். பரீட்சையில எனக்கு செஜாரா பெயிலு. மத்ததெல்லாம் பாஸு, சரித்திரம் மட்டும் போச்சு. அது ஒண்ணு போனா மொத்த சர்ட்டிபிகேட்டும் போச்சு, தெரியும்ல? திரும்ப எழுதணும். அதுவரைக்கும் வீட்டுல சும்மா தூங்காதன்னு அம்மா இந்தக் கடையில சேர்த்து விட்டுட்டாங்க. சரித்திரத்துல பெயிலானவன் கையில மெஷினக் குடுத்து சரித்திரத்த வெட்டுடான்னா எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும்.

சண்ட எதுக்கா? சொல்றேன். அந்தப் பஸ் ஸ்டாப்புல பச்சச் சேலையில ஒரு ஆன்டி தனியா ஒக்காந்திருக்காங்க பாருங்க. பாக்குறதத் தெரியாத மாதிரி பாருங்க அங்கிள், கழுத்த இப்படித் திருப்புனா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். அவங்க பேரு அமுதவள்ளி. காலையில துணியத் தூக்கிப் பார்த்தது அவங்கதான். பந்திங்ல ஒரு ஸ்கூல் காண்டீன்ல வேல செய்றாங்க. இந்தக் கல்லு இங்க நிக்குறதுக்குக் காரணமே அவங்கதான். பன்னெண்டு வருஷமா லெட்டர் எழுதியிருக்காங்க. முனிசிபலுக்கு, ஒய்.பி.க்கு, அதுக்கு முன்னால இருந்த ஒய்.பி.க்கு, அதுக்கும் முன்னால இருந்தவருக்கு. எலெக்சனுக்கு எலெக்சன் ஒய்.பி.ங்க மாறிக்கிட்டே இருந்தாங்க, லெட்டரு மாறல. கடைசியில ஒரு கமிட்டி போட்டாங்க. ரிட்டையர் ஆன தலைமையாசிரியர் வேலாயுதம் சாரு தலைவரு. என்னா எழுதணும்னு அவருதான் டைப் பண்ணிக் குடுத்தாரு.

என்னா எழுதுனாரு தெரியுமா? பதினாலு வரி. கட்டடம் எந்த வருஷம், ஓடு எந்த ஊரு, எந்தத் துரை தலைவரா இருந்தாரு. உள்ள ஒரு பியானோ இருந்துச்சாம். பியானோவுக்கு ரெண்டு வரி. ஆன்டியோட தாத்தாவுக்கு ஒரு வரி. கடைசி வரி. பியானோ என்னா பண்ணுச்சு அங்கிள் நம்மளுக்கு? நம்மாளு ஒருத்தன் அதத் தொட்டுத் தொடச்சிருப்பான், அவ்ளோதான்.

அந்தத் தாத்தா பேரு கன்னையா. ரப்பர்த் தோட்டத்துல மரம் வெட்டி பாலெடுத்த ஆளு. அந்தக் காலத்துல ரோட்டுல துரை வந்தா நம்மாளு சைக்கிள விட்டு எறங்கி நிக்கணுமாம். துரை போன பின்னாலதான் ஏறணும். இவரு என்னா பண்ணாருன்னா, மீட்டிங் நடக்குற சனிக்கெழம, எல்லாத் துரையும் உள்ள இருக்கிறப்ப, சைக்கிள்ள ஏறி நேரா காம்பவுண்டுக்குள்ள வந்திருக்காரு. எறங்கல. பெல்லடிச்சுக்கிட்டே படி வரைக்கும் வந்து, சைக்கிள்ள ஒக்காந்தபடியே, ஒரு கால மட்டும் படியில ஊணிக்கிட்டு, 'இனிமே நாங்க யாரும் எறங்க மாட்டோம்'னு சொல்லிட்டு, திருப்பிப் பெல்லடிச்சுக்கிட்டே போயிட்டாராம்.

ம், தில்லுதான். எனக்கே காலையில கேட்டப்ப ஒரு மாதிரி ஆயிருச்சு. இது செஜாரா புக்குல இருந்திருந்தா நான் பாஸாயிருப்பேன்.

அன்னைக்கே அவரத் தேட ஆரம்பிச்சிட்டாங்க. ரப்பர் ஷீட்டு காய வைக்கிற பொகைக் கொட்டாயில ஒளிஞ்சிருந்தாரு. அவரு எங்க இருக்காருன்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். சோறு கொண்டு போன ஆளு. அந்தாளே துரையையும் போலீசையும் கூட்டிக்கிட்டு வந்து, வாயத் தொறக்காம கைத்தடிய மட்டும் நீட்டிக் காட்டுனாராம். அவரு எஸ்டேட்டுக் கங்காணி. பேரு தம்புசாமி. கன்னையாவோட சொந்த அப்பா.

கேட்டீங்களா? அப்பா.

அப்புறம் என்னா, நல்லா அடிச்சு, தோட்டத்த விட்டே வெரட்டிட்டாங்க. பந்திங் பக்கம் போயி கெடைச்ச வேலையெல்லாம் செஞ்சு பொழச்சிருக்காரு. சாகுற வரைக்கும் அப்பா பேர வாயால சொன்னதில்லயாம். பேப்பர்ல மரண அறிவிப்பு குடுக்குறப்பகூட அப்பா பேரு போடக்கூடாதுன்னு எழுதி வெச்சிட்டுச் செத்தாராம்.

இப்பக் கல்லுல என்னா வெட்டியிருக்குன்னு கேளுங்க. மூணு மொழியிலயும். 'துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த வீரர் திரு. தம்புசாமி.'

சிரிக்காதீங்க அங்கிள். எனக்கும் மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ஆன்டி முகத்தப் பார்த்தேன், நின்னுருச்சு.

எப்படி ஆச்சுன்னா, ஆன்டிகிட்ட ஒரு பழைய லெட்டர் இருக்கு, எஸ்டேட்டுலேருந்து வெரட்டுன லெட்டர். அதுல 'கன்னையா, தம்புசாமி மகன்'னு இருக்கு. வேலாயுதம் சாரு படிச்சவரு இல்லயா? வெள்ளக்காரன் முறைப்படி கடைசிப் பேருதான் போடணுமாம். கடைசில தம்புசாமி இருக்கு, அதப் போட்டுட்டாரு. இந்த ஊருல நம்மாளு எவனுக்கு அங்கிள் கடைசிப் பேரு இருக்கு? நம்ம கடைசியில இருக்கிறது நம்ம அப்பன் பேரு. என் ஐ.சி. கார்டுல பிராண்டன், அப்புறம் எங்கப்பா பேரு ஆரோக்கியம். கிளினிக்குக்குப் போனா மிஸ்டர் ஆரோக்கியம்னு கூப்பிடுறாங்க. எங்கப்பா வீட்ட விட்டுப் போயி நாலு வருஷமாச்சு. காய்ச்சல் எனக்கு, ஊசி எனக்கு, பேரு அவருக்கு. இது அங்க ஒக்காந்து பேரு கூப்பிடுற புள்ளைக்குத் தெரியலன்னா பரவால்ல. முப்பது வருஷம் கிளாஸ்ல பேரு கூப்பிட்ட வாத்தியாருக்குத் தெரிய வேணாமா?

காலையில ஆன்டி சொல்லி முடிச்சதும் சாரு என்னா சொன்னாரு தெரியுமா? 'சரிம்மா, அப்பா பேருதானே, குடும்பத்துக்குத்தானே பெருமை'ங்கிறாரு. காட்டிக் குடுத்தவருக்கு மால. எங்க பாஸ் அதுக்கு மேல. 'ஒய்.பி. தொறந்துட்டுப் போகட்டும், அப்புறம் மாத்திக்கலாம்மா'ங்கிறாரு. அப்புறம்னா எப்பன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? அந்தப் பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கம் கூரை அப்புறம் போடுறோம்னாங்க. நான் அப்ப ரெண்டாம் பாரம் படிச்சேன். ஆன்டி வெயில்ல ஒக்காந்திருக்காங்க பாருங்க.

இல்ல அங்கிள், அவங்க கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். மொதல்ல நல்லாத்தான் பேசுனாங்க. 'இந்தத் துணிய நீங்க எடுத்தா அந்த எடத்துலயே நான் ஒக்காந்துருவேன், ஒய்.பி. என்னையத் தாண்டித்தான் போகணும்'னாங்க. சாரு உடனே எங்க பாஸப் பார்த்தாரு. அப்பத்தான் எங்க பாஸ் வேன்லேருந்து பைலை எடுத்தாரு. கல்லு வெட்டுறதுக்கு முன்னால எழுதப்போறத ஒரு தாள்ல அடிச்சு, சொந்தக்காரங்ககிட்ட காட்டி, கீழ கையெழுத்து வாங்குவோம். எங்க கடையில அது வழக்கம். செத்தவரு பேரத் தப்பா வெட்டிட்டா அப்புறம் அடிதடி ஆயிரும்ல. அந்தத் தாள நீட்டுனாரு. கீழ கையெழுத்து இருக்கு.

வேலாயுதம் சாருக்கு உயிர் வந்திருச்சு. 'நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா. இப்ப எங்களக் கொற சொன்னா எப்படி?'

ஆன்டி கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'நான் இதப் பார்த்ததாவே ஞாபகம் இல்லயேய்யா'ன்னாங்க. 'வயசாகுதுல்லம்மா, எத்தனையோ தாள்ல போட்டீங்க, அதுல இதுவும் ஒண்ணு'ன்னு சாரு சொல்றாரு. அவங்களும் அத யோசிக்கிறாங்க அங்கிள். நெசமாவே எத்தனையோ தாள்ல போட்டிருக்காங்கல்ல, பன்னெண்டு வருஷமா. யோசிச்சிட்டு, 'அப்ப நானேதான் போட்டுட்டேனா'ன்னு கேட்டாங்க. யாருகிட்டயும் இல்ல. அந்தத் தாளுகிட்ட கேட்டாங்க. மடிச்சுக் குடுத்துட்டு ரோட்டத் தாண்டிப் போயி அங்க ஒக்காந்தவங்கதான். பஸ்ஸு மூணு வந்துட்டுப் போயிருச்சு. ஏறல. இந்தப் பக்கமும் வரல.

சாரு சந்தோஷமா பசியாறப் போயிட்டாரு. பாஸு மாலைக்கும் தண்ணிப் போத்தலுக்கும் போயிருக்காரு. போறப்ப என்கிட்ட, 'யாருகிட்டயும் எதுவும் பேசாத, ஆன்டிகிட்ட மட்டும் பேசவே பேசாத'ன்னாரு. அவருக்கு ஏதோ தெரிஞ்ச மாதிரிதான் பார்த்தாரு. இல்ல, தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா ஸ்பேனராலயே போட்டிருப்பாரு.

என்னா தெரியணுமா? ஒண்ணும் இல்ல. அங்க பாருங்க, ஒங்க காருக்குச் சோப்புப் போடுறாங்க. கண்ணாடியில கோடு விழும், பார்த்து வாங்குங்க, அந்தப் பையன் எப்பவும் பின் கண்ணாடிய விட்ருவான்.

பந்திங் ரோட்டுல மோட்டோ ஓட்டியிருக்கீங்களா அங்கிள்? பூரா லோரி. செம்பனக் கொல ஏத்துன லோரி போனா பின்னால முள்ளு முள்ளா ரோட்டுல விழும், டயர்ல குத்திரும். போறதுக்கே முக்கா மணி நேரம். நடு வெயில்ல. ஒரு தாளக் காட்டுறதுக்கு. அவங்ககிட்ட இருக்கிறது பட்டன் போனு, படம் எடுத்து அனுப்பவும் முடியாது. யாரா இருந்தாலும் யோசிப்பாங்க லா.

ஆமா, நான்தான் கொண்டு போகணும். வேற யாரு இருக்கா கடையில.

இப்படிப் பார்க்காதீங்க அங்கிள். நான் சும்மா வேணும்னா போகாம இருக்கல. கெளம்பினேன். பாஸு பெட்ரோலுக்குக் காசு குடுத்தாரு, பாலம் வரைக்கும் போனேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. பாலத்துக்கு அடியில நின்னேன். மழை வரல. போன்ல கேம் ஆடுனேன், நாசி லெமாக் சாப்பிட்டேன், மணி நாலு ஆயிருச்சு. இனிமே போனா அவங்க காண்டீன் மூடியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வீடு எங்கன்னு கேட்டுப் போயிருக்கலாம். பெட்ரோல் டாங்கு மேல தாள வெச்சு 'அ' மாதிரி ஒரு சுழி, 'வள்ளி'ன்னு ஒரு கிறுக்கல். அவங்க எப்படிக் கையெழுத்துப் போடுவாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அவங்களுக்கே அடையாளம் தெரியலயே, அவ்ளோ நல்லா போட்டிருக்கேன் பாருங்க. ஒரு பரீட்சையிலயாவது பாஸாயிட்டேன்.

பேருதானே, கமிட்டியே குடுத்தது, வாத்தியாரு டைப் பண்ணது, அதுல என்னா தப்பு இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். எனக்கு யாரு கன்னையா, யாரு தம்புசாமி? ரெண்டும் பழைய பேரு. மறுநாளு காலையில மெஷின்ல வெச்சு வெட்டிட்டேன். நல்லாத்தான் வெட்டுனேன். ஒரு எழுத்துகூடப் பிசகல.

தப்பு வாத்தியாரோடதுதான் அங்கிள். நீங்களே சொல்லுங்க. அவரு டைப் பண்ணலன்னா நான் எங்கேருந்து வெட்டப் போறேன்? பாஸுமேலயும் தப்பு இருக்கு, கையெழுத்த ஒரு தடவ சரியா பார்க்க வேணாமா? ஒய்.பி. மேலகூட இருக்கு, அவரு விழாத் தேதிய முன்னால தள்ளலன்னா இவ்ளோ அவசரம் இல்ல. எல்லாரு மேலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. ஆனா ஆன்டி மேல இல்ல. அவங்க ஒருத்தவங்கதான் இதுல எதுவுமே பண்ணல, அவங்கதான் வெயில்ல ஒக்காந்து தானே பண்ணதா நெனச்சிக்கிட்டிருக்காங்க.

இப்பப் போயிச் சொன்னா வேல போயிரும். சம்பளத்துல கல்லுக்குப் புடிச்சிட்டுத்தான் அனுப்புவாரு. வேற எவனும் என்னைய இந்த சர்ட்டிபிகேட்டுக்கு எடுக்க மாட்டான். அம்மா செருப்பக் கழட்டுவாங்க. சொல்லலன்னா ஒய்.பி. துணியத் தூக்குவாரு, எல்லாரும் கை தட்டுவாங்க, கங்காணிக்கு மால விழும், ஆன்டி பந்திங் பஸ்ஸுல ஏறிப் போயிருவாங்க. இன்னொரு லெட்டர் எழுத மாட்டாங்க. யாருக்கு எழுதுவாங்க? அவங்க கையெழுத்தே அவங்களுக்கு எதிரா இருக்கு.

ஒங்க காரு முடிஞ்சிருச்சா? போறீங்களா? பின் கண்ணாடி பாருங்கன்னேன்ல. கதையக் கேட்டுட்டு சாவிய வாங்கிட்டுக் கெளம்பிட்டீங்க. பரவால்ல போங்க. நானா இருந்தாலும் போயிருப்பேன்.

அந்தா, பாஸு வேனு சிக்னல்ல நிக்குது. மால மேல கட்டியிருக்கு, நல்லாத் தெரியுது.

இந்த ரோட்டத் தாண்டுறது ஒரு பாடு. எவனும் நிறுத்த மாட்டான். டேய், பார்த்து ஓட்டுடா.

ஆன்டி. நான் அந்தக் கல்லுக் கடைப் பையன். இல்ல, தண்ணி வேணாம், நீங்க குடிங்க. அந்தத் தாள்ல இருக்கிற கையெழுத்து ஒங்களோடது இல்ல. நான் போட்டது. வெட்டுறதுக்கு முன்னால பந்திங் போயி ஒங்ககிட்ட காட்டிட்டு வான்னாங்க. நான் வரல.